துரைக்கு விளக்கெண்ணெய் கொடுத்த அப்பாவுக்கு

வேட்டி முடிச்சோடு வெட்கத்தையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்த என் அப்பாவுக்கு,

லேக் கார்டன்ஸ் வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவிடம் இப்போது செல்போன் இருக்கிறது. வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு தெருவுக்கே கேட்கப் பேசுகிறாள். எதிர்வீட்டு வங்காளிச் சித்தி, நம் காக்கிமா, இன்றும் நம் சைவ வாசலில் மீன் தலை வைத்துவிட்டுப் போகிறார். அதைத் தின்ன வேறொரு கடுவன் பூனை வந்து சேர்ந்திருக்கிறது. உங்கள் துரையைப் போல அழகில்லை. திமிர் மட்டும் அதே அளவு.

துரை மணல் தட்டில் உட்கார்ந்து முக்கி முக்கி அழுத அந்த மழைநாள் ஞாபகம் இருக்கிறதா?

"ஏட்டி கோமு, வயிறு கட்டிக் கெடக்கு. அந்த வெளக்கெண்ணெய எடு" என்றீர்கள்.

காய்ச்சலுக்கும் அதுதான், கணக்கில் தோற்றால்கூட அதுதான் நம் வீட்டில். கால்மேல் போட்டுக் குழந்தைக்குப் புகட்டுவது போலத் துரைக்குப் புகட்டினீர்கள். பாதி எண்ணெய் உங்கள் பனியனில்; கை முழுக்கக் கீறல்.

காக்கிமா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். அவர்தான் நம்மை ரிக்‌ஷாவில் ஏற்றி, கரியாஹாட் பக்கம் இருந்த பூனை டாக்டரம்மாவிடம் அனுப்பினார். சின்னப் பெண். துரையின் அடிவயிற்றைத் தொட்டதுமே முகம் மாறியது.

"மலச்சிக்கல் இல்லை, மேஷோமஷாய். மூத்திரம் அடைத்திருக்கிறது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் செத்துப்போயிருக்கும்" என்றார், உங்களை வங்காளி முறையில் மாமா என்று அழைத்து.

நீங்கள் எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே நின்றீர்கள். அப்படி ஒரு குற்றவாளி முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

மெல்லிய குழாய் விட்டு எடுத்தார். மணல் மணலாக வந்தது. ஒரு மாதத்துக்குள் மறுபடி அடைத்தது. ஆண் பூனைக்கு மூத்திரக் குழாயின் நுனி ரொம்பக் குறுகலாம். அந்த நுனியை எடுத்துவிட்டு, அகலமான இடத்தில் புது வாசல் வைத்துத் தைத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும் என்றார். அம்மாவிடம் வந்து சொன்னதும், "அப்போ நம்ம துரை இனிமே துரைசானியா?" என்று கேட்டாளே, பாவி!

அறுவை சிகிச்சைக்கு முன்னால் டாக்டரம்மாவிடம் துறைமுக ஆபீஸில் நீங்கள் கற்ற வங்காளியில் கேள்வி கேட்க ஆரம்பித்தீர்கள். காலையில் மூத்திரம் வர நேரமாகுமா? சொட்டுச் சொட்டாக நிற்குமா? ட்ராமில் போகும்போது பாதி வழியில் இறங்க வேண்டிவருமா?

அவர் பேனாவை மூடிவைத்தார்.

"மேஷோமஷாய், உங்கள் பூனை ட்ராமில் எங்கே போகிறது?"

நான் சிரித்தேன். உங்கள் காது சிவந்ததைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். இரண்டு வருடமாக ஹவுரா ஸ்டேஷனுக்கு யாரை வழியனுப்பக் கூப்பிட்டாலும் 'முட்டு வலி' என்று தட்டிக்கழித்தது இதற்காகத்தானா? ஒரே வீட்டில் இருந்தும் எங்களுக்குத் தெரியாமல் போனதே அப்பா, எப்படி?

அவர் கையோடு ஒரு மனுஷ டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். உங்களுக்கும் அறுவை நடந்தது. அந்த மாதம் வராந்தாவில் இரண்டு நோயாளிகள். துரை கழுத்தில் பிளாஸ்டிக் புனல், உங்கள் பக்கத்தில் மூத்திரப் பை. இரண்டு பேருக்கும் முகத்தில் ஒரே கடுப்பு. உங்கள் தையல் ஆறிய பிறகு ஹவுராவில் என்னை வழியனுப்ப வந்து, பிளாட்பாரம் முடியும்வரை ரயிலோடு ஓடிவந்தீர்கள். அதன்பின் ஏழு வருடம் எங்களோடு இருந்தீர்கள். அந்தச் சின்னப் பெண்ணை நான் கும்பிடாத நாளில்லை.

இன்று ஏன் எழுதுகிறேன் என்றால், புதுப் பூனையும் நேற்று முக்கியது. எண்ணெய்ப் பக்கமே போகாமல் தூக்கிக்கொண்டு ஓடினேன். அடைப்பு இல்லை, மூத்திரப் பாதையில் வெறும் புண்தான், மருந்தில் ஆறிவிடும் என்றார் அதே டாக்டரம்மா. இப்போது கண்ணாடி போட்டிருக்கிறார். நான் விடாமல் கேட்டேன்: எரிச்சல் பத்து நாள் நீடிக்குமா? நாற்காலியில் உட்கார முடியாதா? பார்லித் தண்ணீர் போதுமா?

அவர் பேனாவை மூடினார். அவர் வாயைத் திறப்பதற்குள் நானே சொல்லிவிட்டேன்.

"எனக்குத்தான்."

நாளைக் காலை பூனையை வீட்டில் விட்டுவிட்டு டாக்டரிடம் போவேன். சத்தியம் அப்பா.

உங்கள் வெட்கத்துக்கும் வாரிசான மூத்த மகள்,
கோமு