சமமாகச் சுற்றிய ஆன்டெனா

ஆரணி,
9ஆம் தேதி, மாலை

அன்புள்ள லாவண்யாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுவதாகப் போனில் சொன்னதை நான் நம்பவில்லை. ஆனாலும் நலமாக இருப்பாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கூரியர் பெட்டிக்குள் கடிதம் எதற்கு, போனில் பேசக்கூடாதா என்று சிரிப்பாய். போனில் உன் குரல் கேட்டால் பேச வந்ததை விட்டுவிட்டு மழை, மாவு மில் என்று எதையாவது பேசி வைத்துவிடுவேன்.

நேற்று மதியம் கரண்ட் போனது. தெருவில் விசைத்தறிச் சத்தம் மொத்தமும் நின்றது. கடை பெஞ்சில் சாய்ந்தவன் அப்படியே தூங்கிவிட்டேன். நீ சொல்வாயே, உன் மெஷினில் எரியும் அந்த ஊதா வெளிச்சம், அது மெல்லக் கடைக்குள் வந்து நிறைந்தது. கம்பிச்சுருள் எரிந்து புதிதாகக் காயில் கட்ட வந்த மோட்டார்கள், சுவரில் தொங்கும் செம்புக் கம்பி, தண்ணீர்க் குடம் எல்லாம் அதில் மிதந்தன. நடுவில் நீ நின்றாய். நான் ஓரத்தில் இருந்தேன், என் பக்கம் மட்டும் இருட்டு. உன்னைக் கூப்பிட்டேன், குரல் வரவில்லை. கரண்ட் வந்து தறிகள் ஓடத் தொடங்கியதும்தான் விழித்தேன்.

நீ விளக்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காற்றை உறிஞ்சி எடுத்த பாத்திரத்தில் கொஞ்சம் ஆர்கான் வாயு. மேலே கண்ணாடி மூடி, அதன்மேல் செம்புக் குழாயில் சுற்றிய ஆன்டெனா. ரேடியோ அலை கொடுத்தால் உள்ளே இருக்கும் வாயு பிளாஸ்மாவாகி ஒளிரும். ஆனால் சுவர்ப்பக்கம் போனது அணைந்துவிடுவதால் ஓரம் மெலிந்து, நடுவில் மட்டும் அடர்த்தியாக நிற்கும். அதைச் சமமாக்கத்தான் உன் நான்கு வருஷ ஆராய்ச்சிப் படிப்பு.

போன மாதம் நீ இங்கே வந்துவிட்டுக் காலேஜுக்குத் திரும்பும்போது, பேருந்தில் உட்கார்ந்தே ஆன்டெனாவை அசல் அளவில் நோட்டுத் தாளில் வரைந்து, செய்யாறு நிறுத்தத்தில், அங்கே கம்பெனியில் வேலை செய்யும் என் தங்கை சுபத்ராவிடம் கொடுத்தாய். அவள் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும், "அண்ணி படத்துல இருக்கிற மாதிரியே வேணும்னு சொன்னாங்கண்ணா" என்றாள். நான் பார்த்தேன். வளையங்களுக்கு நடுவே இடைவெளி ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. "ரோடு குலுக்கினதுல கோடு கோணிகினு போயிருக்குது, நான் பாத்துக்கறேன்" என்றேன். பதினைந்து வருஷமாகத் தறி மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கை இது. ஏற்ற இறக்கமாகச் சுற்றுவது இதற்கு ஆகவே ஆகாது. எல்லா இடைவெளியையும் சமமாக்கி, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு அனுப்பினேன்.

அது வந்து சேர்ந்ததும், அளந்து பார்த்தாயா என்று போனில் கேட்டதற்கு, உங்கள் கையை நான் அளப்பேனா என்றாய். என்னை நம்பி அப்படியே பொருத்திவிட்டாய்.

சனிக்கிழமை நீ அழுதாய். நடுவில்தான் அடர்த்தி, ஓரம் வரவே இல்லை, கணக்கே தப்பு என்று கைடு சார் சொல்லிவிட்டார், போதுங்க, படிப்பை விட்டுவிட்டு இருபதாம் தேதி ரயிலேறி வந்துவிடுகிறேன் என்றாய். உனக்கு ஆறுதல் சொன்னேன். உண்மையைச் சொல்லட்டுமா? போனை வைத்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். பால்காரரிடம், நீ வந்து சேரும் இருபத்திரண்டிலிருந்து அரை லிட்டர் கூடப் போடச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளைப் பத்திரப்படுத்த எடுத்தபோது, சும்மா அளவு டேப்பை வைத்துப் பார்த்தேன். உள்ளேயிருந்து வெளியே போகப் போக, ஒவ்வோர் இடைவெளியும் சரியாக ஒரு நூல், அரைக்கால் அங்குலம், குறைந்துகொண்டே போகிறது. எந்தப் பேருந்தும் இவ்வளவு ஒழுங்காகக் குலுங்காது, லாவண்யா. வெளிச்சம் சமமாக வேண்டும் என்பதற்காகத்தான் நீ சுற்றுகளை வெளியே நெருக்கியிருக்கிறாய். உன் கணக்கில் தப்பில்லை. தப்பு என்னுடையது.

இது தெரிந்தும் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. சொல்லாவிட்டால் நீ வந்துவிடுவாய் என்றுதான். வெட்கமாக இருக்கிறது.

இன்று காலை உன் தாளைப் பலகைமேல் ஒட்டி, கோட்டின் மேலேயே ஆணி அடித்தேன். குழாய் நசுங்காமலிருக்க உலர்ந்த மணலை நிரப்பி, ஆணியோடு ஆணியாக வளைத்தேன். பிறகு தண்ணீர் விட்டுக் கழுவி, கம்ப்ரசரால் ஊதினேன். ஒரு மணல்கூட உள்ளே இல்லை. இந்தமுறை தயவுசெய்து அளந்து பார்.

பதினெட்டாம் தேதி வரை மெஷின் உனக்குத்தான் என்றாயே, அதற்குள் இந்தப் பெட்டியில் இருக்கும் புது ஆன்டெனாவைப் பொருத்து. ஓரத்திலும் வெளிச்சம் நின்றால் உங்கள் சாரிடம் என் பெயரைச் சொல், ஆரணி சதீஷ் கெடுத்தான் என்று. அவர் என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். ரயில் டிக்கெட்டை மட்டும் ரத்து செய்துவிடு.

இது சரியாக எரிந்தால் படிப்பில் மிச்சமிருக்கும் இரண்டு வருஷமும் நீ அங்கேயே இருக்க வேண்டிவரும். தெரிந்துதான் சுற்றியிருக்கிறேன்.

நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும்.

உன்,
சதீஷ்