கட்டிலருகே ஒரு ஸ்விட்ச்

வடிவு,

டிப்போவில் இன்று சீக்கிரம் வரச் சொல்லிவிட்டார்கள். குழந்தைக்குப் பால் காய்ச்சி மூடியிருக்கிறேன்.

என் அறையில் மேஜை விளக்கைச் செருகும் பழைய பிளக் பாயிண்டை மாற்ற எலெக்ட்ரீஷியன் கோதண்டம் வருவான். நேற்று வழியில் பார்த்தபோது, "இன்னா சார், கண்ணாலத்துக்குள்ள வேலைய முடிக்கணும்னு உங்க மாமியாரம்மா சொல்லிக்கீறாங்களே" என்று சிரித்தான். இறந்துபோன உன் அக்காவின் இடத்தில் உன்னைக் கட்டிவைக்க நாள் பார்த்திருப்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். உன்னிடமாவது கேட்டார்களா?

அத்தையிடம் மறுத்துப் பேச என்னால் முடியவில்லை. உனக்கு விருப்பமில்லையென்றால் கோதண்டத்தைத் திருப்பி அனுப்பிவிடு. அத்தைக்குப் புரிந்துவிடும்.

பரந்தாமன்

வேலை நடப்பதானால், மெயினை அணைத்துவிட்டுக் கை வைக்கச் சொல். பிளக் பாயிண்டின் ஸ்விட்ச் கதவருகே இருக்கிறது. அதையும் கட்டிலருகே மாற்றச் சொல். உன் அக்கா தினமும் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு வருவாள்.