அவன் கைக்குப் பொருந்தாத வில்

விஸ்கான்சின்,
அக்டோபர் கடைசி வாரம்

என் ப்ரிட்டாக் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் நாயும் சுகமாக இருக்கிறோம், முழங்கால் மட்டும் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. கடல் தாண்டி ஜப்பானின் ஒகினாவாவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டுமென்று ஞாயிறுதோறும் சர்ச்சில் உன் பேரைச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன், உன் பக்கத்தில் நிற்கிற பையன் எல்லாப் படத்திலும் ஏன் கறுப்புக் கண்ணாடியோடு இருக்கிறான், வீட்டுக்குள் எடுத்த படத்தில்கூட. நான் ஒன்றும் சொல்லவில்லை, கேட்கத்தான் கேட்கிறேன். "அம்மா யாரையும் நம்ப மாட்டா" என்று நீ சிரிப்பது இங்கேயே கேட்கிறது. இந்த முறை அப்படி இருந்ததுதான் நல்லதாகப் போயிற்று, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆகஸ்டில் கொட்டகைக்குப் பின்னால் வைக்கோல் கட்டைக் குறிவைத்து அம்பு விட்டுப் பழகிக்கொண்டிருந்தபோது என் பழைய வில்லின் மேல்பக்கம் படாரென்று பிளந்துவிட்டது. கன்னத்தில் ஒரு கீறல், கண் தப்பியது, பதறாதே, ஆறிவிட்டது. ஏரிக்கரையில் விடுமுறை வீடுகள் வந்த பிறகு குண்டு யார் மேல் படுமோ என்று நம் மேட்டில் துப்பாக்கி எடுக்க யோசனையாக இருக்கிறது, வில் இல்லையென்றால் மான் இல்லை, மான் இல்லையென்றால் பனிக்காலம் முழுக்கக் கடை இறைச்சிதான். டிரக் ரிப்பேர் தின்றது போக வில்லுக்கென்று என்னிடம் மிஞ்சியது முந்நூறு டாலர். அதை வைத்துக்கொண்டு ரைன்லேண்டர் ஊரில் ஒரு வில் கடைக்குப் போனேன். அங்கே தாடிக்காரப் பையன் ஒருவன் ஆயிரத்துக்கு மேல் விலை போட்ட வில்லை என் கையில் திணித்தான், என் முகத்தைப் பார்த்துவிட்டு அதை வாங்கி மாட்டிவிட்டு ரோஜா நிறக் கோடு போட்ட இன்னொன்றை எடுத்து, "இது பொம்பளைங்களுக்குன்னே செஞ்சதும்மா" என்றான். "அப்படியா, எய்றது பொம்பளைன்னு மானுக்குத் தெரியுமா தம்பி" என்று கேட்டேன். மூலையில் போன வருடத்து வில் ஒன்று தூசியோடு தொங்கியது, அதன் விலையை நான் கேட்டதும் அவன் கணினியைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். விலை சொல்ல யோசிக்கிறவனிடம் எனக்கு என்ன வேலை என்று திரும்பிவிட்டேன்.

அதற்கப்புறம்தான் கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைப் பார்த்தேன். இரண்டு முனையிலும் சக்கரம் வைத்த நல்ல காம்பவுண்ட் வில், பெட்டியோடு, அம்புகளோடு, இருநூறுக்கு. அறுநூறுக்குக் குறையாமல் போகிற சரக்கு! விற்கிறவன் பெயர் டஸ்டின், வீட்டுக்கு வருகிறேன் என்றால் வேண்டாம், பெட்ரோல் பங்க்கில் பார்க்கலாம் என்றான். அங்கேயே எனக்குப் பொறி தட்டியது, ஆனாலும் போனேன், ஏனென்றால் எனக்கும் ஆசை இருந்தது. ஆள் நெடுநெடுவென்று பைன் மரம் மாதிரி, கை முழங்கால் வரை. பெட்டியைத் திறந்தான். நான் பையிலிருந்து பஞ்சை எடுத்து வில்லின் இரண்டு கைகளிலும் மெல்ல ஓட்டினேன், விரிசல் இருந்தால் இழை மாட்டிக்கொள்ளும், ஒன்றும் மாட்டவில்லை. நாண் புதிது, சக்கரங்கள் நேராக இருந்தன. குறை எதுவும் இல்லாததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஏம்ப்பா இவ்வளவு மலிவு என்று கேட்டதற்கு முதலில் "எங்க அண்ணன் குடுத்தது" என்றான், கொஞ்ச நேரம் கழித்து "வேற வாங்கிட்டேன், இது சும்மா கெடக்கு" என்றான். சரி, ஒரு தடவை இழுத்துக் காட்டு என்றேன். இழுத்தான். ப்ரிட்டா, உனக்கே தெரியும், இந்த வகை வில்லை ஆளின் கைக்குத் தக்கபடி அளவு வைத்திருப்பார்கள், அதற்கு மேல் நாண் வராது. அவன் முழங்கை பாதியிலேயே முட்டிக்கொண்டு நின்றது, குழந்தையின் சட்டைக்குள் புகுந்த பெரிய ஆள் மாதிரி. நான் வாங்கி இழுத்தேன், நாண் என் உதட்டோரம் வந்து அழகாக நின்றது. நாணை விடுகிற விசையை மணிக்கட்டில் கட்டும் பட்டையும் பெட்டியில் இருந்தது, அதில் உள்ளே தள்ளி ஆணியால் கூடுதலாக ஒரு ஓட்டை, மெல்லிய கைக்காகப் போட்டது. "இது யாரு வில்லு?" என்றேன். "என் பொண்டாட்டிது, அவ இப்பல்லாம் தொடுறதில்ல" என்றான். அப்படியானால் அவளிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் பணம் தருகிறேன் என்றேன். அவள் சீஸ் ஆலையில் வேலையில் இருக்கிறாள், பேச முடியாது, வேண்டுமானால் நூறு கொடுங்கள் போதும் என்றான். நான் விலையைக் குறைக்கச் சொல்லவே இல்லையே! யோசித்துச் சொல்கிறேன் என்று டிரக்கில் ஏறி நேராக ஆலைக்குப் போனேன்.

வேலை முடிந்து பெண்கள் வெளியே வருகிற நேரம். டஸ்டினின் பெண்டாட்டி யார் என்று விசாரித்ததில் சிவப்பு முடிக்காரி ஒருத்தியைக் காட்டினார்கள், லேசி என்று பெயர், உன்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "அவன் அனுப்பிச்சானா உங்களை?" என்றாள். அந்தக் கேள்வி எனக்குப் பிடித்தது. இல்லை, நான் வில் வாங்க வந்தவள் என்று வில்லைப் பற்றியும் பட்டையில் இருந்த ஓட்டையைப் பற்றியும் சொன்னேன். அப்படியே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பனிக்காலம் கூடுதல் வேலை பார்த்து வாங்கிய வில்லாம். அதை எங்கே காணோம் என்று அவனைக் கேட்டதற்கு, "நீதான கடையில நாண் மாத்தக் குடுத்த, மறந்துட்டியா" என்றானாம். அதற்கு முன்னால் தையல் மிஷின், அதற்கும் முன்னால் அவள் அம்மாவின் மோதிரம். ஒவ்வொன்றுக்கும் நீதான் எங்கேயோ வைத்தாய், நீதான் யாருக்கோ கொடுத்தாய் என்றே சொல்லியிருக்கிறான். "எனக்கு மூளைல ஏதோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன்மா. அடுத்த வாரம் டாக்டர்கிட்ட போக நாள்கூட வாங்கிட்டேன்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், அப்புறம் அழுதாள், அப்புறம் எது எது என்று அவளே ஒன்றொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். உனக்கு ஒன்றும் ஆகவில்லை பெண்ணே, ஒன்றுமே ஆகவில்லை என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னேன்.

அங்கிருந்தே அவனுக்குப் போன் போட்டு, வில்லை வாங்கிக்கொள்கிறேன், அதே இடத்துக்குக் கொண்டுவா என்றேன். பல்லெல்லாம் தெரிய வந்தான். பெட்டியை நீட்டும்போது என் டிரக்கின் அந்தப் பக்கக் கதவு திறந்து லேசி இறங்கினாள். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. பெட்டியை அவன் கையிலிருந்து வாங்கிச் சீட்டில் வைத்தாள். "லேசி, நானே சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றான். "சொன்னியே. எனக்கு மறதின்னு சொன்னியே" என்றாள். அவ்வளவுதான். ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள், போகலாமா என்றாள், எங்கே என்று நானும் கேட்கவில்லை.

கண்ணு, கோபித்துக்கொள்ளாதே, உன் அறையைத்தான் கொடுத்திருக்கிறேன். உன் சாமான்கள் அப்படியே அலமாரியில் பூட்டியிருக்கின்றன. ஒரு ராத்திரி என்றுதான் அழைத்து வந்தேன், ஒரு மாதம் தாண்டிவிட்டது. உண்மையைச் சொன்னால் முதல் வாரம் அவளையும் சந்தேகப்பட்டேன், கைப்பையை மாவு டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன், அவள் ரொட்டி செய்யப் போய் அதை எடுத்து மாவைத் தட்டிவிட்டு மேசையில் வைத்தாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வக்கீல் ஒருவரைப் பார்த்திருக்கிறாள். டஸ்டினின் கார் இரண்டு தடவை நம் பாதை முனையில் வந்து நின்றது, ஷெரீஃப் ஆபீசில் சொல்லி வைத்திருக்கிறேன், கதவையும் பூட்டுகிறேன். டாக்டரிடம் வேறு போய்வந்தாள், ஒரு குறையும் இல்லை என்று அவர் வாயால் கேட்டால்தான் நிம்மதி என்றாள், நான் கூடப் போனேன்.

தன் வில்லையே இரண்டு பேரும் வைத்துக்கொள்ளலாம் என்றாள் லேசி, நான் ஒப்பவில்லை, அது அவளுடையது. அவளைக் கூட்டிக்கொண்டு அந்தத் தாடிக்காரனிடமே போய், தூசி பிடித்துக் கிடந்த போன வருடத்து வில்லைப் பஞ்சு போட்டுப் பார்த்து, பேரம் பேசி, கையில் இருந்ததற்குள் முடித்துவிட்டேன். நாணைச் சும்மா மாற்றித் தருகிறேன் என்றான், ஏன் சும்மா தருகிறான் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் ஒரு பெட்டைமான் விழுந்தது, அம்பு லேசியுடையது, இழுத்து வந்தது இரண்டு பேரும்.

ஒன்று மட்டும் இன்னும் சரியாகவில்லை. நேற்று கத்தரிக்கோலைக் காணோம் என்று சமையலறையில் நின்றவள் முகம் வெளுத்துப்போய், "நான் எங்கயாவது வெச்சிட்டேனா?" என்றாள். அது என் தையல் கூடையில் இருந்தது. அதனால் இப்போதெல்லாம் எதைத் தொட்டாலும் வீடே அதிரும்படி சொல்லிவிட்டுத்தான் எடுக்கிறேன்: "லேசி, சாவிய நான் எடுத்தேன்! லேசி, கரண்டி என் கைல இருக்கு!" நாய்கூட என்னை ஒரு மாதிரி பார்க்கிறது, பார்க்கட்டும்.

நீ வாங்கப்போவதாகச் சொன்ன பழைய காரை, உனக்குத் தெரிந்த மெக்கானிக் பார்க்காமல் பணம் கொடுக்காதே, விற்கிறவன் சொல்லும் மெக்கானிக் வேண்டாம். ஆண்டவர் உன்னைக் கைக்குள் வைத்துக் காக்கட்டும், நல்லவர்கள் உன்னைச் சுற்றி இருக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு வருவதானால் முன்கூட்டியே சொல், என் இரண்டு பெண்களும் ஒரே அறையில் படுக்க இன்னொரு கட்டில் செய்ய வேண்டும்.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்
அம்மா ஆர்லிஸ்