இடது கண்ணில் ஒரு புள்ளி

என்னங்க, உங்கள் முழங்கால் வலி இப்போது தேவலையா? வேலைக்கென்று வந்த ஊரில் நான் சௌக்கியம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

போன வாரம் ஒரு வேடிக்கை. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவருக்குச் செயற்கைக் கண் வரைந்தேன். அவருடைய நல்ல கண்ணைப் பார்த்துத்தான் வரைய வேண்டும். நானோ கை போன போக்கில், உங்கள் இடது கண்ணில் இருக்கும் பழுப்புப் புள்ளியை அதில் வைத்துவிட்டேன். மாற்றித் தருகிறேன் என்றால் மனிதர் கேட்கவில்லை.

"இருக்கட்டும்மா. சாயங்காலமானா இதுல யாரோ ஒருத்தர் தெரியுறாரு. லைட்டுகூடப் போடாம உக்காந்து சாப்பிடுறாரு. எதிர்ல இன்னொரு தட்டு, காலியா இருக்கு."

வெறும் பிளாஸ்டிக், அதில் என்ன தெரியும்! சிரித்து மழுப்பினேன்.

சில ராத்திரி, பேசாமல் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, உங்கள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டால் போதும் என்றிருக்கும். காலையில் தூரிகையை எடுத்தால் அந்த நினைப்பு போன இடம் தெரியாது. திட்டாதீர்கள்.

உங்கள் முகம் கிட்டத்தில் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்கள். அந்தப் புள்ளி இடது கண்ணில்தானே? லைட்டைப் போட்டுக்கொண்டு சாப்பிடுங்கள்.

பஸ் வந்துவிட்டது, ஓடுகிறேன். நேற்று டிரைவர் மறுபடி வந்து, "இப்பல்லாம் அந்த ரெண்டாவது தட்டைக் காணோம்மா" என்றார்.

அந்தத் தட்டை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.