என் கூழும் அண்ணியின் வெள்ளைச் சோறும்

அடி அண்ணாமலை
பௌர்ணமிக்கு மறுநாள்

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் உண்ணாமலை எழுதுவது. நான் நலம். நீங்கள் என்னைவிட நலம் என்று கேள்வி. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போன் செய்தால் அண்ணி எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். என் புருஷனோடு பேச நாத்தனார் காது எதற்கு? ஆஸ்பத்திரிக்குப் பக்கம் என்று உங்களை வேலூரில் உங்கள் அக்கா வீட்டில் விடத் தலையாட்டியதும் நான்தானே! பக்கத்துக் கடைக் குமரேசன் அண்ணன் அங்கே வருகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். தனியாகப் படியுங்கள்.

கிரிவலத்துக்கு நல்ல கூட்டம். நம் கடைக் கூழ் இரண்டு அண்டாவும் காலி. ஒரு பெரியவர் சொம்பைக் கவிழ்த்துக் காட்டி, "உன் கைக்கே ஒரு கும்பிடும்மா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரே என் கேழ்வரகுக் கூழைக் குடிக்கலாம், நீங்கள் மட்டும் குடிக்கக் கூடாது.

டயட் மேடம் சொன்னதை நான் மறுக்கவில்லை. உங்கள் ரத்தத்தில் பொட்டாசியமும் பாஸ்பரசும் ஏறியிருந்தன. கேழ்வரகு, கம்பு, தவிட்டோடு அரைத்த கோதுமை எல்லாவற்றிலும் அவை ஜாஸ்தி. தீட்டிய வெள்ளை அரிசி, ரவை, ஜவ்வரிசியில் கம்மி. சத்து சத்து என்று நான் வறுத்து அரைத்துக் கொடுத்த சத்துமாவே உங்கள் கிட்னிக்குப் பாரம். சரி, புரிந்தது.

ஆனால் வெள்ளைச் சோறு வடிப்பதற்கு அண்ணிக்கு இவ்வளவு பெருமையா? "என் கை சாப்பாட்ல பொட்டாசியம் எறங்கிடுச்சி பாத்தியா"னு போனில் கேட்கிறார். ரவை கிளறினால் கட்டி தட்டும் கை அது! கல்யாணமான புதிதில் நீங்களே சொல்லிச் சிரித்தீர்கள். இப்போது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "அக்கா உப்புமா நல்லாத்தான் கீது"னு சொல்கிறீர்கள். வயிறு எரிகிறது மாமா. ரிசல்ட் நன்றாக வந்ததற்குக் கோயிலுக்குப் போய்க் கற்பூரம் ஏற்றினேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் மேடம், "வீட்ல யாரு சமைக்கிறாங்க?"னு கேட்டார். நான் பையோடு உங்கள் பின்னால்தான் நின்றேன். நீங்கள் அக்காவைக் காட்டினீர்கள். மேடமும் அவர் பக்கம் திரும்பியே எல்லாவற்றையும் சொன்னார். நான் நின்றபடியே கேட்டேன், ஒன்றையும் மறக்கவில்லை.

பச்சரிசியை மில்லில் தனியாக அரைத்து வந்தேன். கடை அடைத்தபின் உப்பில்லாமல் களி கிண்டிப் பழகுகிறேன். கேழ்வரகு மாதிரி உருண்டை பிடிக்க வரவில்லை, கையெல்லாம் பசை. நேற்று வந்துவிட்டது. மேடம் சொன்ன மாதிரியே சுரைக்காயை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுக் கூட்டு வைத்து, உங்கள் தட்டில் போட்டு நானே சாப்பிட்டேன். ருசி கம்மிதான். ஆனால் களியில் ஒரு கட்டி கிடையாது.

செவ்வாய்க்கிழமை உங்களுக்கு மறுபடி ஆஸ்பத்திரி. கடையைச் சாத்திவிட்டு முதல் பஸ்ஸில் வருகிறேன். எவ்வளவு களி சாப்பிடலாம் என்று மேடத்திடம் நானே கேட்டுக்கொள்கிறேன். அண்ணிக்குச் சொல்ல வேண்டிய நன்றியையும் நேரில் சொல்லிக்கொள்கிறேன், அதை நீங்கள் சொல்ல வேண்டாம்.

அண்ணாமலையார் உங்களை நல்லபடியாக வைத்திருக்கட்டும். வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று மேடம் மறுபடியும் கேட்டால், என்னைக் காட்டுங்கள் மாமா.

உங்கள்
உண்ணாமலை