பில்லின் கொடியில் ஒன்பது நட்சத்திரங்கள்

1995 ஆகஸ்ட் 8, செவ்வாய்.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் பில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் திருகோணமலையிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் போனவர். நாங்கள் நாட்டைவிட்டு இந்தப் பாபடோயிட்டோய் ஊருக்கு வந்த முதல் வாரமே திருகோணமலையின் பெயரைச் சொல்லித்தான் கதவைத் தட்டினார். அந்தக் கப்பலின் சரித்திரத்தைத் தட்டச்சு செய்து தரச் சொல்லி இன்று பழைய ரோந்துக் குறிப்புகளைத் தந்தார்.

கப்பலின் கறுப்புக் கொடி அவர் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. மூழ்கடித்த ஒவ்வொன்றுக்கும் கொடியில் ஓர் அடையாளம் தைப்பது அவர்கள் வழக்கம். பீரங்கியால் அடித்தவற்றுக்கு நட்சத்திரம்; அப்படி ஒன்பது. ஒன்பதும் ஜப்பானியப் போர்ப்படகுகள் என்றுதான் இத்தனை நாளும் சொன்னார்.

குறிப்பில் ஒன்பதும் பாய்மர வள்ளங்கள். அரிசி, உப்பு, கருவாடு ஏற்றியவை.

மன்னார்க் கடலில் என் தம்பியை நேவிக்காரர் வள்ளத்தோடு சுட்டு மூழ்கடித்த கதையை இந்த மனிசனிடம்தான் முதலில் வாய்விட்டுச் சொன்னேன். அந்தக் கொடிக்குக் கீழே இருந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, மீன்பிடிக்கிறவனைச் சுடுகிறவன் கோழை என்றார்.

குறிப்பைக் காட்டிக் கேட்டேன்.

"அது யுத்தம், அந்தோனி. எதிரிக்குச் சாப்பாடு போகக்கூடாது," என்றார். பிறகு மெதுவாக, "அந்த ஒன்பதையும் எழுதாமல் விட்டுவிடு," என்றார்.

"வயசுபோன மனுசன், விடுங்கோவன்," என்கிறாள் மனைவி. ஓம், அவளுக்கென்ன. அன்று அவர் பிடித்த கை என் கையல்லவா.

தம்பியின் வள்ளத்துக்கும் எவனோ ஒருத்தன் எங்கோ ஒரு கொடியில் நட்சத்திரம் தைத்திருப்பான்.