மழைக் கோப்பின் 212ஆவது வரி

ஜூன் 4

பங்குதாரர் அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம். தாங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

எட்டு மாதமாக நாம் பேசிக்கொள்வது நம் குடைக்கடை கம்ப்யூட்டர் விளையாட்டின் நிரலுக்குள் மட்டும்தான். கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகிற, எழுதுகிறவர்கள் மட்டும் படிக்கிற குறிப்புகளில் "சத்தம் அதிகம், குறைக்கவும்" என்று நான் எழுதுவேன். "குறைத்தாயிற்று" என்று நீங்கள் எழுதுவீர்கள். திங்கட்கிழமையோடு அந்தப் பேச்சும் நின்றது. விளையாட்டை வெளியிடுகிற தளத்துக்காரர்கள் அதைப் பூட்டிவிட்டார்கள்.

'தனிப்பட்டது' என்று அவர்கள் கொடுத்த கட்டத்திலேயே நாம் டிக் அடித்து வைத்திருந்த நிரலை அவர்களுடைய இயந்திரம் உட்கார்ந்து படித்திருக்கிறது. நான்கு குறிப்புகள் மேல் புகார்:

ஒன்று. "மக்கு, இந்த வரியைத் தொட்டால் கொலை விழும்." கொலை மிரட்டலாம்.
இரண்டு. "எருமை தூங்குது, எழுப்பாதே." தனிநபரை இழிவுபடுத்துவதாம்.
மூன்று. "சிரிப்பை வெட்டி எறி." வன்முறையாம்.
நான்கு. "செத்தாலும் இதை அழிக்க மாட்டேன்." எழுதியவர் உயிருக்கே ஆபத்தாம்.

ஜூன் 25க்குள் இவற்றை அழிக்க வேண்டும், அல்லது இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு விளக்கம் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் விளையாட்டை நீக்கிவிடுவார்கள். கோப்பு பூட்டியே இருக்கும், அவர்கள் அனுப்பிய பட்டியலிலிருந்து அவரவர் எழுதியதை அவரவர்தான் அழிக்க முடியும். இரண்டும் நான்கும் உங்களுடையவை. தயவுசெய்து அழித்துவிடுங்கள்.

காகிதத்தில் எழுதுவதற்குக் காரணம் கேட்பீர்கள். போனில் உங்கள் எண்ணை நான் தடுத்து வைத்திருக்கிறேன். மின்னஞ்சலை யார் படிக்கிறார்கள் என்று இனிமேல் எனக்குத் தெரியாது. இந்த உறையை என் நாக்கால் நனைத்து நானே ஒட்டினேன். கேட்காமல் பிரித்துப் படிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு எப்படி இருக்கும் என்று உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

இப்படிக்கு,
பாதிப் பங்குக்காரி


ஜூன் 8

அன்புள்ள பாதிப் பங்குக்காரிக்கு,

உறை ஒட்டியது ஒட்டியபடியே வந்து சேர்ந்தது. 'நீங்கள்' என்று படித்ததும் பின்னால் என் அப்பா வந்து நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். எட்டு வருஷம் 'டேய்' என்று கூப்பிட்ட வாய். 'நிரல்' என்று வேறு எழுதியிருக்கிறாய். கோட் என்றால் வாய் சுளுக்கிக்கொள்ளுமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அழிக்கக் கூடாது. அழித்தால் தப்பை ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. இன்னொரு எச்சரிக்கை விழும். அடங்காத ஒரு கோப்புக்கு 'சனியன்' என்று பேர் வைத்ததற்குப் போன வருஷமே ஒன்று வாங்கிவிட்டோம். இரண்டாவது விழுந்தால் தளத்தில் நம் கணக்கே காலி. கடை, மழை, முந்நூறு குடை, நீ வரைந்த அந்தத் தொப்பைக்காரர், எல்லாம் போய்விடும்.

அவர்கள் பக்கமும் யோசித்துப் பார்த்தேன், கோபித்துக்கொள்ளாதே. விளையாடுகிற குழந்தைகள் கண்ணில் படுகிற மாதிரி எவனாவது உள்ளே எதையாவது ஒளித்து வைத்தால் அதை யாராவது பார்த்துத்தான் ஆக வேண்டும். தட்டில் வைத்துக் கொடுப்பதைச் சோதிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. சமையற்கட்டுக்குள் நானும் நீயும் திட்டிக்கொள்வதை எதற்கு ஒட்டுக் கேட்க வேண்டும்? அதுவும் நம் பேச்சு அரைகுறையாகப் புரிகிற ஒரு இயந்திரத்தை வைத்து?

மூன்று நாளாக இதே எரிச்சல். பல் விளக்கும்போதுகூட மனசுக்குள் அவர்களோடு சண்டை. நேற்று சட்டை மடிக்கும்போது சட்டென்று உன் நோட்டு ஞாபகம் வந்தது. கையிலிருந்த சட்டையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. மீதியைப் படிக்காமல் கிழித்துவிடுவாய்.

விளக்கத்தை நீ எழுது. நான் எழுதினால் வம்பில் போய் முடியும். உன் அக்காவைக் கேட்டதாகச் சொல். சகலையின் குறட்டை எப்படி இருக்கிறது? அந்த வீட்டில் எட்டு மாதம் தூங்கியவளுக்குப் பதக்கமே கொடுக்கலாம்.

அன்புடன்,
மக்கு


ஜூன் 12

பங்குதாரருக்கு,

மாமாவின் குறட்டை சௌக்கியமாக இருக்கிறது. அக்கா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, "நீ எப்ப கிளம்புவன்னு நான் கேக்கல. ஆனா அந்த ரூம்ல தையல் மெஷின் போடணும்னு ஒரு ஆசை" என்று நேற்றுதான் சொன்னாள். கேட்கவில்லையாம்.

விளக்கம் எழுதிவிட்டேன். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பவும்.

"முதல் குறிப்பு. 'கொலை விழும்' என்பது எங்கள் வீட்டில் 'தொடாதே' என்பதற்கு இன்னொரு சொல். எழுதியவர் இதுவரை ஒரு கரப்பான் பூச்சியைக்கூட அடித்ததில்லை. நாற்காலி மேல் ஏறி நின்று கணவரைக் கூப்பிடுவார். மேற்படி வரியை மேற்படி கணவர் அதன் பிறகும் நான்கு முறை தொட்டிருக்கிறார். உயிரோடு இருக்கிறார்.

இரண்டாவது குறிப்பு. எருமை என்பது நான். எட்டு மணிக்கு முன்னால் எழுந்திருக்க மாட்டேன். நான் எழுதின ஒரு பகுதியும் என்னைப் போலவே மெதுவாக விழித்துக்கொள்ளும், அதற்காகக் கணவர் எழுதியது. இழிவுபட்டவள் நானே சொல்கிறேன், எனக்குப் புகார் இல்லை."

அதன் கீழே, கேட்காமலே இன்னொரு பத்தி சேர்த்திருக்கிறேன். "பார்க்க வேண்டிய அவசியம் வந்தால் பாருங்கள். ஆனால் தனிப்பட்டது என்று எழுதிய கதவைத் தட்டிவிட்டு வாருங்கள். உள்ளே இருப்பவர்கள் சட்டையாவது மாட்டிக்கொள்வார்கள்." அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைத்தால் அடித்துவிடுங்கள். அடிக்க மாட்டாய் என்று தெரியும்.

அடிக்க மாட்டீர்கள் என்று எழுத நினைத்தேன். பேனாவால் எழுதினால் இதுதான் தொல்லை.

மூன்றாவது என்னுடையது. அதை எழுதிய நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்கு என்ன விளக்கம் கொடுப்பது என்று தெரியாமல் காலியாக விட்டிருக்கிறேன். நான்காவது எனக்குப் புரியவே இல்லை. மழைக் கோப்பில் 212ஆவது வரி என்று பட்டியலில் இருக்கிறது. என் மூன்றாவது குறிப்பு 211ஆவது வரி. அன்றைக்குப் பிறகு மழைக் கோப்பை நான் திறக்கவே இல்லை. இப்போது திறக்கலாம் என்றால் பூட்டு. 'செத்தாலும்' என்று எதை அழிக்க மாட்டேன் என்கிறீர்கள்? தளத்துக்காரர்கள் பயப்படுகிற குறிப்பே அதுதான். உண்மையைச் சொல்லவும். உடம்பு சரியாகத்தானே இருக்கிறது?

இப்படிக்கு,
பாதிப் பங்குக்காரி


ஜூன் 16

அன்புள்ளவளே,

உடம்பு நன்றாக இருக்கிறது. கடைவாய்ப் பல் ஒன்று மட்டும் ஆடுகிறது. மாடி வீட்டுக்காரர் குழாயை மாற்றிவிட்டார். இப்போது தண்ணீர் நம் குளியலறைச் சுவரில் ஒழுகாமல் கூடத்துச் சுவரில் ஒழுகுகிறது. முன்னேற்றம் என்கிறார். நீ நட்டு வைத்துவிட்டுப் போன செடி பூத்திருக்கிறது. பேர் தெரியாததால் மரியாதையாகத் தண்ணீர் ஊற்றி வருகிறேன்.

சுற்றி வளைக்கிறேன் என்று இதற்குள் கண்டுபிடித்திருப்பாய்.

விளையாட்டுக்கு மழைச் சத்தம் பதிவு செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? குளியலறையில் நீ குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாய். நான் வாளியிலிருந்து மக் மக்காக ஊற்றினேன். நாற்பத்தோராவது நொடியில் குடைக் கம்பி மடங்கி முழு மக் தண்ணீரும் உன் தலையில் இறங்கியது. நீ சிரித்தாய். மூச்சு வாங்க வாங்க, அடங்கி அடங்கி மறுபடி மறுபடி வரும் அந்தச் சிரிப்பு. அப்புறம் வெட்டிக்கொள்ளலாம் என்று அப்படியே சேர்த்துவிட்டு, சிரிப்பு வரும் இடத்தில் மட்டும் சத்தத்தைப் பூஜ்யத்தில் வைத்தேன். விளையாடுகிறவர்களுக்கு மழை மட்டும்தான் கேட்கும். சிரிப்பைக் கேட்க வேண்டுமென்றால் என் கம்ப்யூட்டரில் அந்த இடத்துச் சத்தத்தை ஏற்றி வைத்தால்தான் உண்டு.

அக்டோபரில் நீ பெட்டியைத் தூக்குவதற்கு முன்னால் "சிரிப்பை வெட்டி எறி" என்று எழுதிவிட்டுப் போனாய். அதற்குக் கீழேதான் நான் 212ஐ எழுதினேன். சண்டையில் எழுதியதில்லை. நீ போன வீட்டில் எழுதியது.

இப்போது நோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உன் அம்மா இறந்த பிறகு நீ யாருக்கும் காட்டாமல் அதில் வரைந்தாய். ரிப்பேருக்குக் குடையைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராத ஒரு அம்மா. நீ கடைக்குப் போயிருந்தபோது நான் திறந்து பார்த்தேன். அழுதேன். அழுகையோடு நிறுத்தியிருக்கலாம். உனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று அவளை விளையாட்டில் சேர்த்து வெளியிட்டுவிட்டேன். ஒரே நாளில் ஆயிரம் பேர் "அந்த அம்மா எப்ப வருவாங்க?" என்று உன்னைக் கேட்டார்கள். அடுத்த நாளே எடுத்துவிட்டேனே, மன்னிப்பும் கேட்டேனே, இன்னும் என்ன என்று இந்த எட்டு மாதமும் நினைத்துக்கொண்டிருந்தேன். என் ஒரு வரியை யாரோ கேட்காமல் எடுத்துப் பட்டியல் போட்டபோதுதான் எனக்கு உறைத்தது. நான் உனக்குச் செய்தது இதைவிடப் பெரியது. அவர்கள் நான்கு வரியைத்தான் வெளியே இழுத்தார்கள். நான் உன் அம்மாவை இழுத்தேன். என்னை மன்னித்துவிடு.

கையெழுத்துப் போட்ட தாள் இதோடு இருக்கிறது. நான்காவதற்கு விளக்கமும் எழுதியிருக்கிறேன்: "இது என் மனைவியின் சிரிப்பு. அழித்தால் மறுபடி கிடைக்காது என்ற பயத்தில் எழுதினேன். எனக்குச் சாகும் எண்ணம் எதுவும் இல்லை. பல் டாக்டரைப் பார்க்கும் எண்ணம்தான் இருக்கிறது."

ஆனால் அது உன் சிரிப்பு. முன்பின் தெரியாத ஒரு ஆபீசர் அதைப் பற்றிப் படிக்கலாமா என்று நீதான் சொல்ல வேண்டும். பிடிக்கவில்லையென்றால் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒரு வரி எழுது. 212ஐ நானே அழித்துவிடுகிறேன். கணக்கு போனால் போகட்டும். அது போனால் உன்னோடு பேச எனக்கு ஒரு சாக்குகூட மிச்சமில்லை, அது தெரிந்துதான் சொல்கிறேன். இந்தத் தடவை உன்னைக் கேட்காமல் எதுவும் வெளியே போகாது.

உன்,
மக்கு


ஜூன் 28

மக்கு,

உன் கடிதத்தை அக்கா வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். மாமா இறங்கி வந்து, "என்னம்மா, அழுவுறியா சிரிக்கிறியா?" என்று கேட்டார். "ரெண்டும்தான் மாமா" என்றேன். தன் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் மூக்குப்பொடி வாசனை. அப்புறம் தும்மல் வேறு சேர்ந்துகொண்டது.

எட்டு மாதமாக நான் காத்திருந்தது உன் மன்னிப்புக்கு இல்லை. மன்னிப்பை நீ அன்றைக்கே ஏழு தடவை கேட்டாய். உனக்குப் புரியவில்லையே என்பதுதான் என் கோபம். 'நல்லதுக்குத்தானே செஞ்சேன்' என்று நீ சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்தக் கடிதத்தில் அந்த வாக்கியம் எங்கேயாவது இருக்கிறதா என்று இரண்டு தடவை தேடினேன். இல்லை.

தாளை அனுப்பிவிட்டேன். கேட்டாய் பார், அதனால் அனுப்பினேன். மூன்றாவதற்கு எதிரே "கோபத்தில் எழுதியது. எழுதியவளுக்கு இப்போது அந்தக் கோபம் இல்லை" என்று சேர்த்தேன்.

நேற்று பதில் வந்தது. இந்தத் தடவை படித்தது மனுஷன். எச்சரிக்கை எதுவும் இல்லை, விளையாட்டைத் திறந்துவிட்டார்கள். முதல் குறிப்பு இருக்கலாமாம். இரண்டாவதுக்கு எதிரே, "எருமை விளக்கம் ஏற்கப்பட்டது. என் வீட்டிலும் ஒன்று உண்டு" என்று போட்டிருக்கிறார். நான்காவதுக்கு எதிரே, "பல் டாக்டரைத் தள்ளிப்போட வேண்டாம்." கதவைத் தட்டச் சொன்ன பத்தியை மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறாராம். மேலிடம் என்ன செய்யும் என்று நமக்குத் தெரியாதா? ஆனாலும் ஒரு ஆள் படித்தாரே, அதுவே எனக்கு நிறைவாக இருக்கிறது.

மூன்றாவது ஒன்றை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். "எழுதியவருக்கே வேண்டாததை வைத்திருப்பானேன்?" என்று கேட்டிருந்தார். நியாயம்தானே? நானே உட்கார்ந்து அழித்தேன். உன் 212 இப்போது 211 ஆகிவிட்டது. அதை அழித்தால் கொலை விழும்.

அந்த அம்மாவைத் திரும்பக் கொண்டு வரலாம் என்று நினைக்கிறேன். இப்போதே இல்லை. அவள் எப்போது வந்து குடையை வாங்கிக்கொள்வாள் என்பதை நான் எழுதுவேன். அதுவரை நீ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

அக்கா தையல் மெஷினுக்கு அளவெடுத்துவிட்டாள். மாமாவின் குறட்டையை உனக்காகப் பதிவு செய்து வைத்திருக்கிறேன், இடிச் சத்தத்துக்கு ஆகும்.

இந்த உறையில் தபால்தலை இல்லை, கவனித்தாயா? ஒட்டவும் இல்லை. உன் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் பெட்டியோடு வெளியேதான் நின்றுகொண்டிருக்கிறேன். சாவி என்னிடம் இருக்கிறது. இருந்தாலும் தட்டிவிட்டுத்தான் வருவேன்.

தட்டியாச்சு. திறடா, கால் வலிக்குது.

எருமை